பிட்டின் ஆவியும் டச்சுக் குடா விடியலும்: ஒளிப்படம் பழகுவோருக்கான கேள்வி – பதில்

இந்த இதழின் வாசகர் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் ஒளிப்படத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி திருகோணமலை நகரிலிருந்தும் அதை அண்டிய ஊர்களிலிருந்தும் எழுதப்பட்டவை. எழுதியோர் எவரும் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். வீட்டிலும் வீதியிலும் கடற்கரையிலும் கண்ணுக்குப் பிடித்ததைப் படமாக்க விரும்புகிறவர்கள். ஆகவே பதில்களையும் நான் இந்த ஊரில் நடந்து பழகிய இடங்களை வைத்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 62. கனடாவிலுள்ள மகள் அனுப்பிய கைத்தொலைபேசியில் நல்ல கமரா இருப்பதாகச் சொல்கிறார்கள். முழங்கால் வலியால் தூர இடங்களுக்குப் போக இயலாது. வீட்டோடு இருக்கும் ஒருவருக்குப் படமெடுக்க என்ன இருக்கிறது? இந்த வயதில் தொடங்குவது பொருத்தமா?
– உவர்மலை வாசகி

பதில்: அம்மா, வயதைப் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெண்மணிக்கு 1863ஆம் ஆண்டு மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தபோது அவருக்கு வயது 48. அதன் பிறகே அவர் படமெடுக்கத் தொடங்கினார். கண்ணாடித் தட்டில் இரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, கழுவியும் முடிக்க வேண்டியிருந்த காலம் அது. அப்படியிருந்தும் அவர் எடுத்த முகப்படங்கள் இன்றுவரை போற்றப்படுகின்றன. பிற்காலத்தில் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்து, இங்கும் சில படங்களை எடுத்து, 1879இல் இந்த மண்ணிலேயே காலமானார். உங்கள் கையிலிருக்கும் கருவிக்கு அந்தப் பாடு எதுவும் இல்லை. ஒளியைப் பார்க்கப் பழகுவது மட்டுமே மிச்சம்.

அதற்கு வீட்டைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏனெனில் வீட்டிலுள்ள பொருள் மாறாமல் இருக்க, அதன்மேல் விழும் ஒளி மட்டும் மணிக்கு மணி மாறுகிறது. நாளைக் காலை பிட்டு அவிக்கும்போது ஒன்று செய்து பாருங்கள். யன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, நீத்துப்பெட்டியிலிருந்து, அதாவது பிட்டு அவிக்கும் பனையோலைக் கூடையிலிருந்து, எழும் ஆவியைப் படமெடுங்கள். அநேகமாக ஆவியே தெரியாது. பானையும் அடுப்பும் சுவருமே தெரியும். பிறகு இடம் மாறி, யன்னல் ஆவிக்குப் பின்புறமாகச் சற்றே பக்கவாட்டில் அமையவும், ஆவிக்கு நேர்பின்னால் கரி படிந்த இருண்ட சுவர் வரவும் நின்று பாருங்கள். அதே ஆவி இப்போது வெள்ளைத் துணி விரிந்ததுபோல ஒளிரும். நீர்த்துளிகள் பின்னாலிருந்து வரும் ஒளியைச் சிதறடித்து நம் பக்கம் அனுப்புவதும், இருண்ட பின்னணி அதை எடுத்துக் காட்டுவதுமே காரணம்.

இருண்ட சுவரைக் கண்டதும் கைத்தொலைபேசி படம் முழுவதையும் வெளிச்சமாக்க முயலும். அதனால் சுவர் சாம்பல் நிறமாகி, ஆவி மங்கிவிடும். திரையில் ஆவியின்மேல் விரலை வைத்து, அருகில் தோன்றும் சூரியக் குறியைக் கீழ்நோக்கி இழுத்தால் சுவர் மீண்டும் கறுப்பாகும். பிட்டை நீத்துப்பெட்டியிலிருந்து தட்டில் கொட்டிய முதல் அரை நிமிடத்தில்தான் ஆவி செழிப்பாக எழும் என்பதால், கொட்டுவதற்கு முன்பே நிற்கும் இடத்தையும் ஒளியையும் சரிபார்த்துவிட வேண்டும். கொட்டுவதற்கு இன்னொருவர் இருந்தால் நல்லது. பனையோலைப் பின்னலின் விளிம்பு தெளிவாக விழுந்திருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விழாவிட்டால் மறுநாளும் பிட்டு அவிக்கலாம்.

இதே முறையில் விறாந்தையில் காயும் மிளகாய், திருவலையில் தேங்காய் துருவும் கை, மழை விட்டதும் வாழையிலையில் நிற்கும் நீர் என ஏதேனும் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து, காலை 7 மணிக்கும் நண்பகலிலும் மாலை 5 மணிக்கும் ஒரு மாதம் எடுத்து வாருங்கள். திருகோணமலையில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்பதால், அந்த நாட்களில் முற்றத்தில் நிற்பவரின் கண்குழிகள் இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் விழும். இதை ஒருமுறை உங்கள் கண்ணாலேயே கண்டுகொண்டால், பிறகு யாரையும் நண்பகலில் முற்றத்தில் நிறுத்திப் படமெடுக்க மாட்டீர்கள். விறாந்தையின் விளிம்புக்கு, கூரை நிழலுக்குள் அழைத்து வருவீர்கள்.

கேள்வி: என்னிடம் ஒரு இலட்சம் ரூபா அளவில் சேமிப்பு இருக்கிறது. எந்தக் கமராவை வாங்கலாம்?
– மூதூர் வாசகர்

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். கைத்தொலைபேசியால் முடியாதது எது என்பதை நீங்களே கண்டறிந்த பிறகு வாங்குங்கள். தூரத்துப் பறவை வேண்டுமா, இரவுத் திருவிழா வேண்டுமா, நெருக்கத்தில் பூச்சி வேண்டுமா என்பதைப் பொறுத்து வாங்க வேண்டிய வில்லை (லென்ஸ்) மாறும். கமராவைவிட வில்லையே முக்கியம். பழைய கமரா வாங்குவதாக இருந்தால், வில்லையைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே சிலந்திவலை போன்ற பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: க.பொ.த. உயர்தரத்தில் படிக்கிறேன். மாமா தன் பழைய கமராவைத் தந்திருக்கிறார். எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சிறிதாகிறது என்கிறார். எண் கூடினால் அளவும் கூடத்தானே வேண்டும்? இதை எவ்வளவு மனப்பாடம் செய்தாலும் குழம்புகிறது.
– சாம்பல்தீவு மாணவர்

பதில்: தம்பி, மனப்பாடம் செய்வதால்தான் குழம்புகிறது. எஃப் எண் ஒரு வகுத்தல் கணக்கு. வில்லையின் மேல் மில்லிமீற்றரில் எழுதியிருக்கும் குவியத் தூரத்தை, ஒளி உள்ளே புகும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். உங்கள் மாமாவின் வில்லை 50 மில்லிமீற்றர் என்றால், எஃப் 2இல் துவாரத்தின் விட்டம் 25 மில்லிமீற்றர். எஃப் 10 என்று வைத்தால் 5 மில்லிமீற்றர் மட்டுமே. வகுக்கும் எண் பெரிதானால் விடை சிறிதாகும் என்பதை நீங்கள் ஆரம்ப வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள்.

2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் ஒழுங்கற்றுப் போவதற்கும் காரணம் உண்டு. துவாரம் வட்டம் ஆகையால், ஒளியைப் பாதியாக்கப் பரப்பளவைப் பாதியாக்க வேண்டும். பரப்பளவைப் பாதியாக்க விட்டத்தை இரண்டின் வர்க்கமூலத்தால், அதாவது ஏறத்தாழ 1.4ஆல், வகுக்க வேண்டும். 4ஐ 1.4ஆல் பெருக்கினால் 5.6, அதை மீண்டும் பெருக்கினால் ஏறத்தாழ 8. ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகிறது. ஆகவே எஃப் 4இல் ஒளியை 1/500 விநாடி உள்ளே விடுவது சரியாக இருந்தால், எஃப் 5.6இல் 1/250 விநாடி விட வேண்டும்.

கமராவின் தானியங்கி முறையை நிறுத்திவிட்டு, மேகமற்ற வெயிலில், ஐ.எஸ்.ஓ. (கமரா ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் எண்) 100, எஃப் 16, 1/100 விநாடி அல்லது அதற்கு அருகிலுள்ள 1/125 என்று வைத்து உங்கள் வீதியைப் படமெடுங்கள். படச்சுருள் காலத்தில் ஒளிமானி இல்லாதவர்கள் இந்தக் கணக்கை வைத்தே வேலை செய்தார்கள். படம் சரியாக வரும். சாம்பல்தீவுக் கடற்கரை மணலில் நின்றால் ஒளி தெறித்துக் கூடுவதால் எஃப் 22க்குப் போக வேண்டியிருக்கலாம். இந்த மூன்று எண்களையும் ஒரு கிழமை கையால் மாற்றிப் பழகினால், மாமாவுக்கே நீங்கள் விளக்கம் சொல்லலாம்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு டச்சுக் குடாவுக்குப் போய்ச் சூரிய உதயத்தில் படமெடுக்கிறேன். வானம் அழகாக வந்தால் பிள்ளைகளின் முகம் கறுத்துவிடுகிறது. முகம் தெரிந்தால் வானம் வெள்ளையாகிவிடுகிறது. கமராவில் பிழையா?
– உப்புவெளி வாசகி

பதில்: கமராவில் பிழை இல்லை. உதயசூரியனைச் சுற்றியுள்ள வானத்துக்கும் அதற்கு முதுகு காட்டி நிற்கும் பிள்ளையின் முகத்துக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டை நம் கண் சமாளிக்கிறது. கமராவுக்குள் ஒளியைப் பதியும் உணரி அந்த அளவுக்குச் சமாளிப்பதில்லை. இரண்டில் ஒன்றை நீங்கள் தெரிவுசெய்ய வேண்டும். தெரிவுசெய்யாமல் விட்டால் கமரா தானே ஒன்றைத் தெரிவுசெய்யும். அதுவே உங்களுக்கு ஒவ்வொரு ஞாயிறும் நடக்கிறது.

முகத்தை விட்டுவிடுவது ஒரு வழி. பிள்ளைகளைப் பக்கவாட்டில் நிற்கச் செய்து, வானத்தின்மேல் விரலை வைத்து எடுத்தால், மூக்கும் குடுமியும் பாவாடையின் விளிம்பும் கறுப்பு உருவாக வெட்டி எடுத்ததுபோல் வரும். ஆனால் ஒருவர்மீது ஒருவர் சாய்ந்து நின்றால் இரண்டு உருவமும் ஒன்றாகி, எது யாருடைய கை என்றே தெரியாமல் போகும். இடையில் வானம் தெரியும்படி நிற்கவேண்டும்.

எனக்கு இதைவிடப் பிடித்த வழி, சூரியனுக்கு நாம் முதுகு காட்டி நிற்பது. டச்சுக் குடாவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருக்க, அந்த முதல் வெயில் அவர்களுடைய முகங்களில் விழுவதை எவரும் படமெடுப்பதில்லை. நீங்கள் நீரோரத்துக்குப் போய் நகரத்தின் பக்கம் திரும்பி நின்றால், கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் முகங்களில் மஞ்சள் பூசியதுபோன்ற ஒளி இருக்கும். பின்னணியில் கரையில் ஏற்றிவைத்த வள்ளங்கள் வரலாம். கண் கூசாத அந்த ஒளி சூரியன் தோன்றிச் சில நிமிடங்களுக்கு மட்டுமே நிற்கும்.

வானமும் முகமும் இரண்டுமே வேண்டுமென்றால் சூரியனுக்கு முந்தி வாருங்கள். இங்கே உதயம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.45க்கும் 6.25க்கும் இடையில் நிகழ்கிறது. அதற்கு முந்திய இருபது நிமிடங்களில் வானத்தின் ஒளி மங்கலாகவும் எல்லாப் பக்கமும் பரந்தும் இருப்பதால், முகமும் வானமும் ஒரே படத்தில் அடங்கும். கை ஆடாமல் தொலைபேசியை வள்ளத்தின் விளிம்பில் ஊன்றிக்கொள்ளுங்கள். பூமியின் நடுக்கோட்டுக்கு அருகில் நாம் இருப்பதால் சூரியன் சாய்வாக ஊர்ந்து எழாமல், மணிக்கு ஏறத்தாழ 15 பாகை வீதம், கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறிவிடுகிறது. குளிர்நாட்டவர் எழுதும் வழிகாட்டிகளில் காலை ஒளி நீண்ட நேரம் நீடிக்கும் என்று படித்துவிட்டு 7.15க்கு வந்து சேர்ந்தால், இங்கே அது முடிந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். சூரியன் எழும் இடம் ஆனியில் வடக்கே, அதாவது கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைப் பக்கமாக நகர்கிறது. மார்கழியில் தெற்கே போய்விடுகிறது. ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு படம் எடுத்தால் பன்னிரண்டு மாதத்தில் இந்தப் பயணம் முழுவதும் உங்கள் கையில் இருக்கும். மாலைக்கு நகரத்தின் மறுபக்கம், உட்துறைமுக வீதிக்குப் போங்கள். நீர் அங்கே மேற்கே இருப்பதால், காலையில் கடலிலும் மாலையில் துறைமுக நீரிலும் சூரியனைக் காணும் பேறு நமக்கு இருக்கிறது.

கேள்வி: எனது வாப்பா கரைவலைத் தொழிலில் இருப்பவர். அவர்களுடைய உழைப்பைப் படமாக்க ஆசைப்படுகிறேன். ஆனால் கமராவைத் தூக்கியதும் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்று சிரிக்கிறார்கள். என்ன செய்வது?
– கிண்ணியா வாசகர்

பதில்: வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது, அந்த மனிதர்களுக்கு நீங்கள் இன்னாருடைய மகன். முதல் இரண்டு நாட்கள் கமராவை எடுக்காமல் கயிற்றைப் பிடித்து இழுங்கள். இழுக்கும்போதுதான் எந்தத் தருணத்தில் பாரம் கூடுகிறது, எப்போது குதிகால் மணலில் புதைகிறது, வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டின் எந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து பின்னே சாய்கிறார்கள் என்பது உடம்புக்குத் தெரியும். உடம்புக்குத் தெரிந்த பிறகு எடுக்கும் படத்தில் அந்தத் தருணத்துக்கு ஒரு கணம் முந்தியே உங்கள் விரல் அசையும்.

தொடக்கத்தில் முகங்களை விட்டுவிட்டு அருகில் போங்கள். ஈரக் கயிற்றைச் சுற்றிப் பிடித்த விரல்கள், உள்ளங்கையில் தடித்துப்போன தோல், மணிக்கட்டில் ஒட்டிக் காய்ந்த ஒற்றைச் செதிள் ஆகியவை போதும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது கயிற்றின் புரி ஒவ்வொன்றுக்கும் தனி நிழல் இருக்கும். நேரே மேலிருந்து விழும் வெயிலில் அது தட்டையாகிவிடும். முகங்களுக்கான நேரம் வலையின் மடி, அதாவது மீன் சேரும் பைப்பகுதி, கரையை நெருங்கும்போது வரும். இரண்டு பக்கமும் இழுத்துவந்த வரிசைகள் ஒன்றையொன்று அணுகி, எல்லோருடைய கண்ணும் மடியிலேயே பதிந்திருக்கும். அப்போது உங்களை எவரும் பார்க்க மாட்டார். 1/500 விநாடி வைத்தால் துள்ளும் மீன் துள்ளியபடியே நிற்கும்.

ஆனால் அந்த நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கரையில் அப்படிக் காத்திருந்து எடுக்கப்போனபோது, மடியில் சாதாழையும் கைப்பிடி அளவு சூடை மீனுமே வந்திருந்தன. நாற்பது பேர் விடியற்காலையிலிருந்து இழுத்த வலை. கமராவை உயர்த்தினேன், முன்னால் நின்ற முதியவர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை, எடுக்காததற்கு இன்றும் வருந்தவில்லை. பிறகு ஒருநாள், வலை நிறைந்த நாளில் எடுத்த படங்களை ஸ்டூடியோவில் அச்சிட்டுக் கொண்டுபோய் அவர்களிடம் கொடுத்தேன். அதன் பின் அந்தக் கரையில் எனக்காக எவரும் நிமிர்ந்து நின்று சிரித்ததில்லை. படத்தை அச்சிட்டுக் கொடுங்கள். அது நன்றிக்கடன், நல்ல படத்துக்கான வழியும் அதுவே.

சந்தையிலும் வீதியிலும் பெண்களையும் பிள்ளைகளையும் எடுக்குமுன் அவர்களிடமும் பெற்றோரிடமும் கேளுங்கள். கோயில், பள்ளிவாசல் உட்புறங்களிலும் படை முகாம்களை அண்டிய இடங்களிலும் அனுமதி இல்லாமல் கமராவை எடுக்க வேண்டாம்.

கேள்வி: கோட்டைக்குள் நிற்கும் மான்களையும் புறாத்தீவையும் நன்றாகப் படமெடுப்பது எப்படி? கைத்தொலைபேசியில் பெரிதாக்கினால் படம் சிதறுகிறது.
– நிலாவெளி வாசகி

பதில்: பெரும்பாலான தொலைபேசிகளில் ஓர் அளவுக்குமேல் பெரிதாக்குவது, எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி நீட்டுவதற்குச் சமம், அதனால் சிதறுகிறது. விலங்கைப் பெரிதாகக் காட்டுவதை மறந்து, அது நிற்கும் இடத்தோடு சேர்த்துக் காட்டுங்கள். பிரெட்ரிக் கோட்டை மான்கள் மனிதருக்குப் பழகியவை. கோயிலுக்குப் போகும் வழியில், பழைய கோட்டைச் சுவரின் நிழலில் அவை படுத்திருப்பதே திருகோணமலைக்கு உரிய காட்சி. மான் மட்டும் பெரிதாக இருக்கும் படத்தை எந்தக் காட்டிலும் எடுக்கலாம். நின்றபடி மேலிருந்து எடுக்காமல், குந்தியிருந்து அதன் கண்மட்டத்தில் எடுத்தால் படம் உடனே மாறிவிடும். கிட்டக் கூப்பிடுவதற்காகத் தின்பண்டமோ பொலித்தீன் பையோடு உணவோ போடாதீர்கள். பையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

புறாத்தீவு 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே பாறைகளில் கூடுகட்டும் மாடப்புறாக்களாலேயே அதற்கு அந்தப் பெயர். நீருக்கடியில் எடுக்க விரும்புகிறவர்கள் சில அடி ஆழத்துக்குள்ளேயே சிவப்பு நிறம் மங்கத் தொடங்கும் என்பதை நினைவில் கொண்டு, ஆழம் குறைந்த இடத்தில், சூரியன் உயரே இருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். நண்பகல் வெயில் நன்மை செய்யும் ஒரே இடம் இதுதான் என்பேன். படத்துக்காகப் பவளப்பாறையில் கால் ஊன்றாதீர்கள். அது உயிருள்ளது, உடைந்தால் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் எடுக்கும். மிதந்தபடி எடுக்க முடியாத படம் நமக்கு வேண்டாம்.

கேள்வி: கடற்காற்றும் மாரியும் கமராவைப் பழுதாக்கும் என்கிறார்களே, எப்படிப் பாதுகாப்பது?
– தம்பலகாமம் வாசகர்

பதில்: உண்மைதான், நான் பட்டு அறிந்தது. ஒரு மாரியில் கார்த்திகை முதல் தை வரை கமராவைத் தோல் உறைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டிவிட்டு, வெயில் வந்ததும் எடுத்துப் பார்த்தபோது வில்லைக்குள் நூலிழை போன்ற பூஞ்சணம் பரவியிருந்தது. பழுதுபார்ப்பவர் திறந்து துடைத்தும், கண்ணாடியின் மேற்பூச்சில் விழுந்த தழும்பு போகவில்லை. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்ததே காரணம்.

இறப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றை வாங்கி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளோடு கமராவை அதில் வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் கிடைத்தால், நிறம் மாறியதும் சட்டியில் மெல்லிய சூட்டில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். கிழமைக்கு ஒருமுறையேனும் கமராவை வெளியே எடுத்துப் படமெடுங்கள். பயன்பாட்டில் இருக்கும் வில்லையில் பூஞ்சணம் எளிதில் பிடிப்பதில்லை. கடற்கரையிலிருந்து வந்ததும், உப்பு காய்வதற்கு முன், நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் உடற்பகுதியைத் துடைத்து உலர்த்துங்கள். மணல் ஒட்டியிருக்கும் வில்லையைத் துணியால் தேய்க்காமல் முதலில் ஊதுபந்தால் ஊதி அகற்ற வேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் கரையில் நின்று வில்லையைக் கழற்றி மாற்றவே வேண்டாம். வள்ளத்தின் மறைவிலும் மணல் வரும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுபோகும்போது வில்லையில் நீராவி படியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறவுங்கள்.